முட்டை வண்டிக்கு ஷாக்கர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுடைய கார் செம்பூர் பாலத்தில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் கடகடவென்று ஆடியது. ஷாக்கர் போய்விட்டது என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவள் போனை எடுத்து வண்டி எண்ணைத் தட்டினாள். இரண்டு ஷாக்கர்கள் படத்தோடு வந்தன. கட்டை விரலால் ஒரு அமுக்கு. முடிந்தது. "அளந்து பாத்தியா?" என்று கேட்டேன். "எதுக்கும்மா அளக்கணும்?" என்றாள்.

பாவம், அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அதே கேள்வியை இருபது வருடத்துக்கு முன்பு வேறொருவன் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். அதனால் வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை. ஏதோ மாத்திரை சாப்பிட மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் பெட்டி வந்தது. ஷாக்அப்சார்பரை பம்பாயில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஷாக்கர்தான். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது வண்டி குதித்துக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துகிற குழாய். உள்ளே எண்ணெய், மேலும் கீழும் ஒரு வளையம், வளையத்துக்குள் ரப்பர். பெட்டியைப் பிரித்ததும் அந்த எண்ணெயும் புது ரப்பரும் சேர்ந்த வாசனை வந்தது. எனக்கு மட்டும் அதோடு சேர்த்து முட்டை நாற்றமும் வந்தது. சூடான தகரத்தில் உடைந்து வழிந்து, வெயிலில் காய்ந்து, பிறகு மழையில் நனைந்த முட்டை. அதை ஒரு முறை முகர்ந்தவர்கள் ஆம்லெட்டை வேறு கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

தாராவியில் எங்களுக்கு முட்டைக் கடை இருந்தது. மொத்தமாக லாரியில் வந்து இறங்கும். அதைப் பிரித்துக் கட்டி, பிக்கப் வண்டியில் செம்பூர் பேக்கரிகளுக்கும் ஐரோலியில் ஒரு கம்பெனி கேண்டீனுக்கும் அனுப்புவோம். மாட்டுங்காவுக்கும் கொடுத்தோம், ஆனால் அங்கே சில வீடுகளில் முட்டையை இரண்டு பைகளுக்குள் ஒளித்து வைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். கல்லாவில் என் வீட்டுக்காரர். வண்டி ஓட்டுவது அவர் தம்பி சுடலைமணி. ட்ரேக்களை அடுக்கி, இடையில் வைக்கோல் வைத்து, கயிறு போடுவது நான்.

கடைக்கு வருவதற்கு முன்னால், கல்யாணமான புதிதில், நான் தாராவியிலேயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை அளக்கிற வேலையில் இருந்தேன். காலர் இத்தனை, கை இத்தனை என்று ஒரு தாள் கொடுப்பார்கள். கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் சூப்பர்வைசர் அந்தச் சட்டையைச் சுருட்டி முகத்தில் எறிவான். ஒரு நாளைக்கு ஐந்தாறு சட்டையாவது என் மூக்கில் வந்து விழும். வேலையை விட்ட பிறகும் அளக்கிற புத்தி போகவில்லை. கழுத்தில் டேப் தொங்காவிட்டால் எதையோ மறந்து வந்ததுபோல் இருக்கும். சுடலைமணி எனக்கு டேப்பு மதினி என்று பெயர் வைத்தான். முதலில் சிரிப்புக்காகத்தான் வைத்தான் என்று நினைக்கிறேன். அவனைப் பற்றி நல்லதாக நினைக்க இது ஒன்றுதான் மிச்சம், அதையும் எழுதிவிட்டேன்.

சண்டையின் ஆரம்பம் பட்டா. பிக்கப்பின் பின்பக்கத்தில் சுமையைத் தாங்குகிற வளைந்த இரும்புத் தகடுகளைத்தான் பட்டா என்பார்கள். இன்னும் நாலு அடுக்கு ட்ரே ஏற்றலாம் என்று சுடலைமணி யாரையும் கேட்காமல் இரண்டு பக்கமும் கூடுதலாக இரண்டிரண்டு பட்டா போட்டுக்கொண்டு வந்தான். வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, யாரையோ முட்டப் போகிற கிடா மாதிரி நின்றது. அடுத்த வாரத்திலிருந்து முட்டை உடைய ஆரம்பித்தது. சயான் ரோட்டின் பள்ளங்களைத் தாண்டி ஐரோலி போய்ச் சேருவதற்குள் அடியில் இருக்கிற ட்ரேக்கள் கூழாகிவிடும். கேண்டீன்காரர் உடைந்த ட்ரேக்களை அப்படியே திருப்பி அனுப்பினார். அந்த ட்ரேக்களைச் சுடலைமணி என் காலடியில் போட்டான். தெருவே பார்க்கிற மாதிரி சொன்னான்.

"மதினி கட்டுற லச்சணம் இது. டிரைவர் என்ன செய்வான்?"

ஒரு முறை சொன்னால் கோபம் என்று விடலாம். ஒவ்வொரு லோடுக்கும் சொன்னான். போகப்போகத்தான் அவன் எதற்காகச் சொல்கிறான் என்று புரிந்தது. தன் மச்சினனைக் கடையில் கொண்டுவந்து உட்கார வைக்கவேண்டும், அதற்கு நான் இறங்கவேண்டும். கேண்டீனும் அடுத்த மாதம் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பேசமாட்டார். முட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார், அதற்குள் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

நான் கட்டிய கட்டில் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் வண்டி சும்மா நிற்கும்போது பின் பம்பரில் ஏறி நின்று இரண்டு குதி குதித்துவிட்டு இறங்கினேன். வண்டி தானாக ஆறு தடவை ஆடியது. நல்ல ஷாக்கர் இருந்தால் ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரை. குனிந்து பார்த்தால் வலது பக்க ஷாக்கர் முழுக்க எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டி, கறுப்பு அப்பளம் மாதிரி கிடந்தது. நான் குதித்ததை எதிர்வீட்டு இசக்கியம்மாள் பார்த்துவிட்டாள். தண்ணீர்க் குழாயடியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஏழு வருடத்துச் சண்டை. "பேய் புடிச்சிருக்கா?" என்றாள். உன்னிடமிருந்துதான் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எங்கள் சந்தில் அதற்குப் பெயர் குசலம் விசாரிப்பது.

ஷாக்கர் மாற்றவேண்டும், ஆனால் பட்டா கூடிவிட்டதால் பழைய நீளம் போதாது, அளந்து வாங்கவேண்டும் என்று சொன்னேன். அப்போதுதான் சுடலைமணி கேட்டான்.

"எதுக்கு அளக்கணும்? வண்டி பேரச் சொன்னா எடுத்துக் குடுக்கப் போறான்."

பேரைச் சொல்லி வாங்கி வந்தான். புத்தம்புது ஜோடி. ஐந்தாவது நாள் வலது பக்கத்து ஷாக்கரின் கீழ் வளையம் பிய்ந்து தொங்கியது. அன்றைக்கு உடைந்தது முப்பது ட்ரே. அதுவும் என் கயிற்றால்தான் என்றான். கடையைவிட்டு நான் இறங்கினால்தான் வண்டியைத் தொடுவேன் என்று சொல்லி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அது ஏன் பிய்ந்தது என்று அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிய்ந்த ஷாக்கரைக் கழற்றிக் கையில் எடுத்து, முழுதாக இழுத்து அளந்தேன். இருபதரை அங்குலம். பிறகு பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி வாங்கி, வண்டியின் உடம்பைத் தூக்கி, சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட்டுக்கு டேப்பைப் பிடித்தேன். இருபத்திரண்டேகால். அதாவது சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், இருபதரையில் நின்றுவிடுகிற ஷாக்கரைப் பிடித்துக்கொண்டு முழு அச்சும் தொங்கியிருக்கிறது. சட்டைக்குக் கால் அங்குலம் பொறுக்காதவன் இருந்தான், இங்கே ஒன்றேமுக்கால் அங்குலத்தை விழுங்கியிருந்தார்கள்.

சயானில் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்து வியாபாரக் குடும்பம். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நான் போய் நின்றபோது என் தலைக்கு மேலே ரோட்டைப் பார்த்துப் பேசினார்.

"ஆம்பளை யாரையாவது அனுப்பும்மா. இது ரவிக்கைத் துணி இல்ல."

கையைக் கவுண்டரில் ஊன்றிக்கொண்டு, இருக்கிறதிலேயே நீளமான ஷாக்கரை எடுங்கள் என்றேன். எனக்கு வேண்டியது இருபத்திரண்டேகாலுக்கு மேலே, அவ்வளவுதானே. அவர் இருபத்தாறு அங்குலத்துக்கு ஒன்றை எடுத்துப் போட்டார். நான் வெற்றியோடு பையைத் திறந்தபோது மறுபடியும் ரோட்டைப் பார்த்தார்.

"தொங்குறத அளந்துட்டே. உக்காருறத யாரு அளப்பா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கவும் இல்லை. அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார். வாங்காமல் பஸ்ஸில் திரும்பி வரும்போது, நான் இறங்கவேண்டிய தாராவி நிறுத்தம் தாண்டிய பிறகுதான் மண்டையில் ஏறியது. லோடோடு பள்ளத்தில் மோதி வண்டி அமுங்கும்போது ஷாக்கரும் சுருங்கவேண்டும். நீளமான ஷாக்கர் சுருங்கினாலும் நீளமாகத்தான் இருக்கும். உடம்பு வந்து அச்சுக்கு மேலே இருக்கிற ரப்பர் முட்டில் உட்காருவதற்கு முன்னால் ஷாக்கர் முட்டிக்கொண்டால் அதன் வயிறு வெடித்துவிடும். அந்த மனிதர் சொன்னது சரி. அதற்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சரியாகச் சொன்னதற்காகவே இன்னும் இரண்டு மடங்கு வெறுத்தேன்.

ஆக, வண்டி அமுங்கும்போது அளக்கவேண்டும். ஏற்றுவதற்கு லோடு இல்லை, ஓட்டுகிறவன் சாவியோடு போய்விட்டான். நான் சந்துப் பெண்களைக் கூப்பிட்டேன். மத்தியான நேரம், சோறு வடித்துவிட்டு எல்லோரும் வாசலில்தான் இருந்தார்கள். என்ன ஏது என்று கேட்காமலேயே பதினோரு பேர் வண்டியில் ஏறிவிட்டார்கள். யாரும் கூப்பிடாமல் பன்னிரண்டாவதாக இசக்கியம்மாளும் ஏறினாள். எனக்கு உதவி செய்ய வரவில்லை, நான் தோற்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வந்ததாக அவளே சொன்னாள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்துவிட்டு, ஒரு கோணியை விரித்து, பின்பக்கமாக மல்லாந்து படுத்து உள்ளே போனேன். மேலே பன்னிரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வெற்றிலை கேட்டாள்.

அப்போதுதான் சுடலைமணி வந்தான். நான் பார்க்கவில்லை, அவன் செருப்பைத்தான் பார்த்தேன். கதவு திறந்தது. மேலே பேச்சு நின்றது. இசக்கியம்மாளின் குரல் மட்டும் கேட்டது.

"ஏலே, அடியில ஒம் மதினி கெடக்கா."

"தெரியும்" என்றான்.

சாவியைத் திருப்பினான். என் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் புகைக்குழாய். இன்ஜின் உறுமியது. அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விட்டான். மேலே உள்ள போல்ட்டில் என் இடதுகை டேப்பின் நுனியைப் பிடித்திருந்தது. புகை கண்ணுக்குள் போனது. பிற்பாடு சந்தில் என்னைப் பெரிய தைரியசாலி என்று சொன்னார்கள், வெளியே வராமல் படுத்தே இருந்தாளே என்று. உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். வெளியே வருவதென்றால் சக்கரத்தை ஒட்டி நகர்ந்து வரவேண்டும், அந்த நேரத்தில் அவன் கியர் போட்டால் என்ன ஆகும் என்று பயந்துதான் அசையாமல் கிடந்தேன். கிடக்கிற நேரத்தில் டேப்பில் எண்ணைப் பார்த்தேன். பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

இசக்கியம்மாள் இறங்கினாள். அவள் பருத்த உடம்பு இறங்கியதும் வண்டி கொஞ்சம் எழும்பியது எனக்குத் தெரிந்தது. நேரே போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை.

"மொதல்ல என் மேல ஏத்துல. பொறவு அவ மேல போலாம்."

கத்தவில்லை, குழாயடியில் குடம் வைக்க இடம் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. இன்ஜின் அணைந்தது. செருப்புகள் இறங்கி டீக்கடைப் பக்கம் போயின. நான் வெளியே வந்தபோது அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அளந்தாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன். வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதில் வெட்கப்படவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரும் ஏறியும் வண்டி ரப்பர் முட்டில் போய் உட்காரவில்லை, கூடுதல் பட்டா அவ்வளவு கெட்டி. உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவே மிச்சமிருந்த இடைவெளியை அளந்து, நான் பார்த்த நீளத்திலிருந்து கழித்துத்தான் கணக்கு வந்தது. பதினைந்து. ரப்பர் நசுங்குவதற்கு ஒரு அங்குலம் விட்டால் பதினாலு. யாரையும் ஏற்றாமல் வெறும் வண்டியிலேயே இதைக் கழித்திருக்கலாம். அடியில் போய் அவ்வளவு நேரம் கிடந்திருக்கவே வேண்டாம்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஸ்டார்ட்தான பண்ணான். கியர் போடலியே."

பரிமாறினேன். அதற்குப் பிறகு பதினாலு வருடம் அவரோடு குடும்பம் நடத்தினேன். காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தேன், மகளுக்குக் கல்யாணம் பண்ணினோம், ஆஸ்பத்திரியில் கடைசிவரை பக்கத்தில் இருந்தேன். அந்த வாக்கியத்துக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

மறுபடியும் சயான். இந்தத் தடவை ஒரு முட்டை ட்ரேயின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். விரிந்தால் இருபத்திரண்டேகாலுக்கு மேல், சுருங்கினால் பதினாலுக்குக் கீழ், வளையத்தில் இந்த அளவு போல்ட் நுழையவேண்டும். அண்ணாச்சி அதை வாங்கிப் படித்தார். உள்ளே போய்ப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அடுக்கினார். நான் ஒவ்வொன்றையும் இழுத்து அளந்தேன், அவர் அதைத் தரையில் ஊன்றி நெஞ்சால் அமுக்கிப் பிடித்தார், நான் மறுபடி அளந்தேன். ஒன்று விரிந்தது சரி, சுருங்கியது பதினாலரை. இன்னொன்றில் வளையம் பெரிது. இப்படி ஒரு மணி நேரம், இரண்டு பேருக்கும் வியர்த்து வழிய, ஒருவரையொருவர் பார்க்காமல். கடைசியில் வேறு ஏதோ வண்டிக்கு என்று போட்டிருந்த ஒரு பெட்டியில் கிடைத்தது. விரிந்தால் இருபத்துமூன்று, சுருங்கினால் பதிமூன்றரை. அதிலேயே இரண்டு வகை இருந்தது. இரும்பு மாதிரி விறைப்பானதை எடுத்துக்கொள், சுமை வண்டிக்கு அதுதான் என்றார். வேண்டாம், முட்டைக்குக் கொஞ்சம் இளகினதுதான் வேண்டும் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போ. ஒன்ன மாதிரி இன்னும் ரெண்டு பேரு வந்தா நான் கடைய மூடிற வேண்டியதுதான்."

வடாலாவிலிருந்து ஒரு மிஸ்திரி வந்து மாட்டிக்கொடுத்தான். சுடலைமணி மூன்றாம் நாள் வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, அவன் மன்னிப்பும் கேட்கவில்லை. வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்தான். லோடு ஐரோலிக்கு. நான் பின்னால் ட்ரேக்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உடைந்தால் எதனால் உடைகிறது என்று என் கண்ணால் பார்க்கவேண்டும்.

அவன் ஓட்டியதைச் சொல்லவேண்டும். சயானிலிருந்து பாலம்வரை ரோட்டில் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையிலும் தேடித் தேடி இறக்கினான். சும்மா விலகிப் போகலாம் என்கிற இடத்தில்கூட வளைந்து வந்து இறக்கினான். நான் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் மூன்று மொழியிலும் சொல்லித் தீர்த்தேன். வண்டி இறங்கும், எழும், ஒரே ஒரு முறை அசைந்து அடங்கிவிடும். ஐரோலியில் கேண்டீன்காரர் ஒவ்வொரு ட்ரேயாகத் தூக்கிப் பார்த்தார். மொத்த லோடிலும் உடைந்தது இரண்டு முட்டை. என் முதுகெலும்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் இன்றுவரை வலி இருக்கிறது.

"அச்சா கியா", நல்ல காரியம் செய்தாய் என்று கேண்டீன்காரர் சுடலைமணியின் தோளில் தட்டினார். ஷாக்கர் மாத்திட்டேன் என்றான் அவன் இந்தியில். நான் பக்கத்தில்தான் நின்றேன். புடவையெல்லாம் வைக்கோல்.

அதற்கப்புறம் நான் கடையைவிட்டு இறங்கவில்லை. ஒரே கடையில் இருந்துகொண்டு அவனோடு ஒரு சொல்கூடப் பேசாமல் மூன்று வருடம் முட்டை கட்டினேன். பிறகு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு உல்லாஸ்நகர் பக்கம் தனியாகப் போனான். அவர்கள் அண்ணன் தம்பி நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு மாட்டுங்காவில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பின் வரிசையில் அவன் குரல் கேட்டது. தலை நரைத்துவிட்டது, குரல் மாறவில்லை. நாலைந்து இளவட்டங்களிடம், அந்தக் காலத்தில் பிக்கப்புக்கு அளவு பார்த்து வேறு வண்டி ஷாக்கரை எப்படிப் பொருத்தினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இருபத்துமூன்று, பதிமூன்றரை என்று அளவுகூடச் சரியாகச் சொன்னான். நான் ரசத்தோடு எழுந்துவிட்டேன்.

எங்கள் சந்து இப்போது இல்லை. நீலத் தகரம் அடித்து வேலி போட்டிருக்கிறார்கள், உள்ளே கிரேன் நிற்கிறது. அதற்காக நான் அழவில்லை. குழாயடியும் சாக்கடையும் முட்டை நாற்றமும் போனதற்கு யார் அழுவார்கள்? வண்டியில் ஏறின பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சிலர் ஊருக்கு, சிலர் மான்கூர்ட் பக்கம் எங்கேயோ, நாலு பேர் செத்துப்போனார்கள். அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் கண்ணாடி போட்டு போன் விற்கிறார்கள்.

இசக்கியம்மாளை மகன் வடாலாவில் ஏழாவது மாடியில் வைத்திருக்கிறான். மகள் காருக்குப் புது ஷாக்கர் வந்த அடுத்த நாள் அவளைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு அவள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. குழாயடிச் சண்டை அந்த வாரமே மறுபடி தொடங்கிவிட்டதால் சொல்ல நேரமும் கிடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைத் தெரிந்தது, பெயரையும் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து, அன்னைக்கு நீ மட்டும் வண்டிக்கு முன்னால வந்து நிக்கலன்னா என்று ஆரம்பித்தேன்.

கவனமாகக் கேட்டாள். கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எந்த வண்டி, தாயி?"

முட்டை வண்டி என்றேன். சுடலைமணி என்றேன். பம்பரில் நான் குதித்ததைச் சொன்னேன். சிரித்தாள், மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. மகன் டீ கொண்டுவந்தான். அம்மாவுக்கு இப்போது பழைய விஷயம் ஒன்றும் நிற்பதில்லை என்றான். லிஃப்டில் இறங்கும்போதுதான் யோசித்தேன். என் வீட்டுக்காரர் இல்லை, சந்து இல்லை, இவளுக்கு நினைவில்லை. அந்த மத்தியானத்தில் நடந்தது நடந்தபடி தெரிந்தவர்களில், எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த ஆள் இனி ஒருவன்தான். அவன் உல்லாஸ்நகரில் இருக்கிறான். அவன் போன் நம்பர் என்னிடம் இல்லை.